அந்தப் பக்கத்தை மூடாதீங்க – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சியில இருந்து எழுதுறேன். என் பொண்ணுக்கு ஏழு வயசு. அவளோட நெருங்கின சிநேகிதி ஒரு யூதப் பொண்ணு, இந்த வருஷம் பஸ்கா பண்டிகைக்கு (எகிப்துல அடிமையா இருந்த அவங்க முன்னோர் விடுதலையானதை நினைக்கிற பண்டிகை) அவங்க வீட்டு சேடர் விருந்துக்கு, அதாவது அந்தக் கதையைச் சொல்லிச் சாப்பிடுற ராத்திரி விருந்துக்கு, எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. போறதுக்கு முன்னாடி அவளுக்கு விஷயம் தெரியட்டுமேன்னு லைப்ரரியில இருந்து சில குழந்தைப் புத்தகம் எடுத்துட்டு வந்தேன். ஒண்ணுல, அவங்களை விடச் சொல்லி கடவுள் எகிப்து மேல அனுப்பின பத்து வாதையும் படமா போட்டிருக்கு, கடைசியில எகிப்துல வீட்டுக்கு வீடு மூத்த பிள்ளை சாகுது. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த ரெண்டு பக்கத்தையும் கிளிப் போட்டு மூடிட்டு "அப்புறம் ராஜா மனசு மாறிட்டார்"னு படிச்சு முடிச்சேன். இவளும் எங்களுக்கு மூத்தவ, தம்பி இப்பதான் பொறந்திருக்கான். இந்த மாதிரி கொலை எல்லாம் இல்லாத நல்ல பஸ்கா புத்தகம் எதாவது சொல்வீங்களா? நம்ம பண்டிகைகளுக்கு ஏன் இப்படி வரிசையா புத்தகம் இல்ல? இஸ்ரேல் காசாவுல நடத்துன போரைப் பாத்துட்டும் அங்க போறீங்களான்னு நண்பர்கள் கேக்குறாங்க, அதுக்கு என்ன சொல்றது? ஊர்ல இருந்து மாமியார் கொண்டுவந்த திருநெல்வேலி அல்வா ரெண்டு கிலோ இருக்கு, அதை எடுத்துட்டுப் போலாம்னு இருக்கோம்.

– ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள தம்பி,

முதல்ல அல்வா. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போகாதீங்க. பஸ்கா நடக்குற எட்டு நாளும் கோதுமை, பார்லி, ஓட்ஸ் மாதிரி தானியத்துல தண்ணி பட்டுப் புளிச்சது எதுவும் வாயில மட்டுமில்ல, வீட்டுக்குள்ளயே இருக்கக்கூடாது. அவங்க சாப்பிடுற மட்சாங்கிற அப்பம் இருக்கே, அதுக்கு மாவுல தண்ணி ஊத்தினதுல இருந்து 18 நிமிஷம்தான் கணக்கு, அதுக்குள்ள பிசைஞ்சு சுட்டு எடுத்தாகணும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி மெழுகுவத்தி, ஒரு இறகு, ஒரு மரக்கரண்டி வெச்சுக்கிட்டு மூலை மூலையா ரொட்டித் துணுக்கு தேடுவாங்க. நிறைய வீட்டுல 10 துண்டை ஒளிச்சு வெச்சு பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்வாங்க, இறகால கரண்டிக்குள்ள தள்ளி எடுத்து மறுநாள் காலையில கொளுத்திடுவாங்க. அப்படிப் பெருக்கித் துடைச்ச வீட்டுக்கு கோதுமைப்பால் புளிக்க வெச்சுக் கிண்டின அல்வாவைத் தூக்கிட்டுப் போய் நிப்பீங்களா? பூ வாங்கிட்டுப் போங்க. வேற என்ன கொண்டு வரலாம்னு அந்த அம்மாகிட்டயே கேட்டா சந்தோஷமா சொல்லிடுவாங்க.

நண்பர்களுக்கு என்ன சொல்றதுன்னா, ஒரு அரசாங்கம் பிள்ளைகளைக் கொல்லுதுன்னா அதை எவ்வளவு சத்தமா கண்டிக்கணுமோ அவ்வளவு சத்தமா கண்டிங்க, உங்க பொண்ணோட சிநேகிதி அந்த அரசாங்கம் இல்ல. அவ்வளவுதான், இதுக்கு மேல அதுல பேச எனக்கு விருப்பமில்ல.

நமக்கு ஏன் இப்படிப் புத்தகம் இல்லன்னு கேக்குறதை நிறைய பேர் பெருமூச்சோட எழுதுறாங்க, எனக்கு கோவம்தான் வருது. அவங்களுக்கு அது வானத்துல இருந்து விழல. யூத நூலகர்கள் சேர்ந்து 1968லயே நல்ல யூதக் குழந்தைப் புத்தகத்துக்குன்னு தனியா ஒரு விருது ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் குடுத்துட்டு வர்றாங்க. மாசசூசெட்ஸ்ல ஹெரால்ட் கிரின்ஸ்பூன்ங்கிற ஒருத்தர் 2005ல ஆரம்பிச்ச பிஜே லைப்ரரி வீட்டுக்கு மாசாமாசம் இலவசமா புத்தகம் அனுப்புது. வாங்குறதுக்கு ஆள் இருக்குன்னா எழுதுறவங்க எழுதுவாங்க, வரையுறவங்க வரைவாங்க. நாம பொங்கலுக்குப் பட்டுப்பாவாடைக்குக் குடுக்குற காசுல பத்துல ஒரு பங்கை பொங்கல் புத்தகத்துக்குக் குடுத்திருக்கோமா? அதைப் பண்ணிட்டு அப்புறம் வந்து கேளுங்க. நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. மகாராஷ்டிரத்துல பெனே இஸ்ரேல்னு ஒரு யூத சமூகம், 1874லயே பூனாவுல எபிரேயமும் மராத்தியும் சேர்த்து, சேடர் ராத்திரி வாசிக்கிற ஹகடா புத்தகத்தை அச்சடிச்சிருக்காங்க. அதுல மட்சா செய்ற பொம்பளைங்க எல்லாம் புடவை கட்டிட்டு தரையில உக்காந்திருக்காங்க! யாரும் அவங்களுக்கு வந்து செஞ்சு குடுக்கல, தங்களுக்குத் தாங்களே செஞ்சுக்கிட்டாங்க.

இப்ப அந்த கிளிப்புக்கு வரேன். உங்க கடிதத்துல மத்ததெல்லாம் நான் சாதாரணமா படிச்சுட்டுப் போயிடுவேன், அந்த ஒரு வரிதான் என்னை உக்காரவெச்சு பதில் எழுதவைக்குது. ஏன்னா இப்ப நான் ஒரு பதிப்பகத்துக்காக குழந்தைக் கதை ஒண்ணைத் திருத்திட்டு இருக்கேன், அதுல வர்ற தாத்தா செத்துப்போற பக்கத்தை எடுத்துட்டு "தாத்தா ஊருக்குப் போயிட்டார்"னு மாத்திடலாமான்னு கேட்டு அவங்க மெயில் மேல மெயில் போடுறாங்க. பாவம் பிள்ளைங்க பயந்துடுமாம். அந்தப் பிள்ளை தாத்தா எந்த ஊர்ல இருக்கார்னு ஆறு மாசம் கேட்டுட்டே இருக்குமே, அதுக்கு யார் பதில் சொல்றது?

எங்க ஊர்ல பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சர்ச்சுல விபிஎஸ் நடக்கும், விடுமுறை வேதாகமப் பள்ளி. ஒரு வருஷம் யாத்திராகமம், பைபிள்ல இந்த எகிப்துக் கதை வர்ற புத்தகம். டீச்சர் ஒரு ஃபிளானல் துணி போர்டுல படம் படமா ஒட்டிக் கதை சொல்வாங்க, நாணல் கூடையில மோசே, எரியுற முட்செடி, தவளை, வெட்டுக்கிளின்னு. கடைசி நாள் ஒரு கதவு, ரெண்டு நிலைக்காலுலயும் சிவப்பா ரத்தம், ரத்தம் பூசின வீட்டைச் சங்காரத் தூதன் கடந்துபோயிடுவான், பூசாத வீட்டுல தலைச்சன் பிள்ளை செத்துப்போகும். எங்க வீட்டுல நான்தான் தலைச்சன். கையைத் தூக்கி "அந்த எகிப்துப் பிள்ளை என்ன டீச்சர் பண்ணுச்சு?"ன்னு கேட்டேன். அப்படியெல்லாம் கேக்கக்கூடாது, மனப்பாட வசனத்தைச் சொல்லுன்னு உக்காரவெச்சிட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் தோட்டத்துல இருந்த செம்பருத்திப் பூவை எல்லாம் பறிச்சுக் கசக்கி எங்க வீட்டு நிலைக்கால்ல கைக்கு எட்டுற உயரம் வரைக்கும் தேய்ச்சேன். செம்பருத்தி கசக்கினா சிவப்பா வராது, ஒரு மாதிரி ஊதாவா வழுவழுன்னு வரும், தூதன் இதை ரத்தம்னு ஒத்துக்குவானான்னு பயந்து ராத்திரி முழுக்கத் தூங்கல.

காலையில ஆச்சிதான் பாத்தா. அடிக்கல, திட்டல. என்னைப் பக்கத்துல உக்காத்திக்கிட்டு முழுசா கேட்டுட்டு, "அந்தப் பிள்ளை ஒண்ணும் பண்ணலட்டி, ராசா பண்ணுன பாவத்துக்கு அது செத்துச்சு, எனக்கும் அது மனசுக்கு ஒப்பலத்தான்"னு சொன்னா. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி. அவ சொன்னதுல என் பயம் போகல, ஆனா பயத்துல நான் தனியா இல்லன்னு தெரிஞ்சுது, அது போதும் ஒரு பிள்ளைக்கு.

நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்தக் கேள்வியை யூதர்களோட சடங்கே கேக்குது தம்பி! இது எனக்கு நாப்பது வயசுக்கு மேலதான் தெரிய வந்துச்சு. சேடர் மேசையில ஒயினை முன்னாடி வெச்சுக்கிட்டு பத்து வாதையோட பேரையும் ஒண்ணொண்ணா சொல்வாங்க, ஒவ்வொரு பேருக்கும் விரலை ஒயின்ல தொட்டு ஒரு சொட்டு எடுத்துத் தட்டுல விடணும். பிள்ளைங்க திராட்சை ஜூஸ்ல செய்யும். நாம விடுதலையானதுக்கு இன்னொருத்தன் செத்தான், அதனால நம்ம கிண்ணம் அன்னைக்கு முழுசா நிறைஞ்சிருக்கக்கூடாது, இதுதான் பெரும்பாலான வீட்டுல அதுக்குச் சொல்ற விளக்கம். தவளைக்கும் ஒரு சொட்டு, தலைச்சனுக்கும் ஒரு சொட்டு. அதுமட்டுமில்ல, பண்டிகைக்கு முந்தின பகல்ல யூதக் குடும்பத்துல மூத்த ஆம்பளைப் பிள்ளைங்க விரதம் இருக்கணும்னு ஒரு வழக்கம். தாங்க தப்பிச்சதை நினைச்சு. பிள்ளை ரொம்பச் சின்னதா இருந்தா அதுக்காக அப்பா விரதம் இருக்கிறதும் உண்டு. இப்ப நிறைய பேர் தல்மூத்ங்கிற யூதச் சட்ட விளக்க நூல்ல ஒரு பகுதியைப் படிச்சு முடிச்ச விருந்துல கலந்துக்கிட்டு விரதத்தை விட்டுடுறாங்க, இருந்தாலும் வழக்கம் இருக்கு. இத்தனை நூற்றாண்டா ஒரு சமூகம் அந்தப் பக்கத்தைத் திறந்துவெச்சு அதுல விரலைத் தொட்டுச் சொட்டு விட்டுட்டு வருது, நீங்க லைப்ரரி புத்தகத்துல கிளிப் போடுறீங்க.

உங்களை மட்டும் சொல்லல. இந்தப் பண்டிகைக்குன்னு பத்து வாதையையும் பொம்மையா செஞ்சு பையில போட்டு விக்கிறாங்க, விரல்ல மாட்டிக்கிற பொம்மை கூட இருக்கு. பிளாஸ்டிக் தவளை அழகாத்தான் இருக்கும், பத்தாவதுக்கு என்ன பொம்மை செய்வீங்க? சில படப்புத்தகம் தவளையோட குதிச்சு விளையாடிட்டு நேரா அவங்க தப்பிச்சுக் கடக்குற செங்கடலுக்குப் போயிடுது, நடுவுல ஒரு ராத்திரியே காணோம். அப்ப அந்த ராஜா எதுக்கு விட்டான்? தவளைக்குப் பயந்தா? ஏழு வயசுப் பிள்ளைக்குக் கதையில ஓட்டை எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும், அப்பா எதையோ தாண்டிப் படிச்சார்னும் தெரியும். மூத்தவ, தம்பி வேற இப்பதான் பொறந்திருக்கான்னு எழுதியிருக்கீங்களே, நீங்க மறைச்சதை சேடர் அன்னைக்கு அந்த மேசையில பதினஞ்சு பேர் சத்தமா சொல்லும்போது அவ உங்க முகத்தைத் திரும்பிப் பாப்பா. அப்ப என்ன செய்வீங்க? இன்னைக்கே நீங்க பக்கத்துல உக்காந்து படிங்க. பயந்தா மடியில தூக்கிக்கோங்க, அழுதா அழட்டும். "அது அநியாயம்பா"ன்னு அவ சொன்னா, ஆமாம்மா எனக்கும் அப்படித்தான் இருக்குன்னு சொல்லுங்க. கடவுள் ஏன் அப்படிச் செஞ்சார்னு கேட்டா தெரியலன்னு சொல்லுங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

அந்த ராத்திரியே கேள்வி கேக்குற பிள்ளையைச் சுத்தித்தான் கட்டியிருக்கு. மத்த ராத்திரி மாதிரி இல்லாம இந்த ராத்திரி ஏன் இப்படின்னு வீட்டுலயே சின்னவங்க எந்திரிச்சுக் கேட்டாத்தான் பெரியவங்க கதையை ஆரம்பிக்கணும். கீரையை உப்புத்தண்ணியில முக்கித் திங்கிறது, அப்பத்தை உடைச்சு பாதியை ஒளிச்சு வெக்கிறது, இந்த விநோதமெல்லாம் செய்றதே "இது என்னப்பா?"ன்னு பிள்ளை வாயைத் திறக்கணும்னுதான். ஒளிச்சு வெச்ச அந்தப் பாதியைப் பிள்ளைங்க கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தாத்தான் விருந்தே முடியும், அதை வெச்சுக்கிட்டு பரிசு குடுன்னு பேரம் பேசுவாங்க. ஹகடாவுல நாலு விதப் பிள்ளை வருது, அறிவாளி, துஷ்டன், வெகுளி, கேக்கவே தெரியாத குழந்தை. துஷ்டப் பிள்ளை "உங்களுக்கு எதுக்கு இந்தச் சடங்கெல்லாம்?"னு எதுத்துக் கேக்குது, அதுக்குக் கடுமையாத்தான் பதில் கிடைக்குது, ஆனாலும் அதை மேசையை விட்டு எழுப்பல. 1695ல ஆம்ஸ்டர்டாம்ல அச்சான ஹகடாவுல அவன் ஒரு போர்வீரன், 1940ல லண்டன்ல வந்த ஆர்தர் சிக்கோட ஹகடாவுல ஜெர்மன்காரன் மாதிரி உடுத்தி தொப்பி வெச்சுக்கிட்டு நிக்கிறான். ஒவ்வொரு காலத்துலயும் தங்களை எது பயமுறுத்துச்சோ அதை அந்தப் பிள்ளை மேல வரைஞ்சிருக்காங்க, அதுவும் குழந்தைங்க பாக்குற புத்தகத்துலதான்.

புத்தகம் கேட்டீங்க. பார்பரா கோஹன் 1972ல எழுதின "தி கார்ப் இன் த பாத்டப்" கிடைச்சா எடுங்க. பஸ்காவுக்கு மீன் பலகாரம் செய்றதுக்காக அம்மா உயிரோட ஒரு கெண்டை மீன் வாங்கி குளியல் தொட்டியில விடுறா, பிள்ளைங்க ரெண்டும் அதுக்கு ஜோன்னு பேர் வெச்சுப் பழகிடுது, காப்பாத்தப் பாக்குது, முடியல. மீன் விருந்துக்குத்தான் வருது, கடைசி நிமிஷத்துல அதிசயம் எதுவும் நடக்கல. கோயில் கொடைக்கு விட்ட கிடாவுக்குப் பேர் வெச்ச நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு அந்த வயித்துக் கலக்கம் நல்லாத் தெரியும். கொஞ்சம் பெரியவ ஆனதும் சிட்னி டெய்லரோட "ஆல் ஆஃப் எ கைண்ட் ஃபேமிலி", 1951ல வந்தது. நியூயார்க் கிழக்குப் பக்கத்து ஏழை வீதியில அஞ்சு அக்கா தங்கச்சிங்க, அதுல பஸ்கா வர்ற நேரம் பாத்து வீட்டுல ஸ்கார்லெட் காய்ச்சல். பண்டிகைன்னா என்னன்னு அந்த அம்மா யாருக்கும் பாடம் எடுக்கல, காய்ச்சல்ல கிடக்குற பிள்ளைங்களையும் பாத்துக்கிட்டு பண்டிகையையும் நடத்துறா, அவ கையைப் பாத்தே எல்லாம் புரியுது. இது மட்சா, இது கசப்புக் கீரை, இது முட்டைன்னு பக்கத்துக்கு ஒரு படம் போட்டு விளக்குற புத்தகத்தை எல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க, அதை அந்த வீட்டுப் பிள்ளையே உங்க பிள்ளைக்குத் தட்டைக் காட்டிச் சொல்லிக் குடுத்துடும்.

கதை முழுக்கச் சொல்லி முடிச்ச பிறகுதான் சாப்பாடு வரும், ரொம்ப நேரமாகும். பாப்பாவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே தயிர்சாதமோ எதோ குடுத்துடுங்க. அல்வாவை அப்ப குடுத்தாலும் சரிதான், வாயை நல்லா கழுவிட்டுக் கூட்டிட்டுப் போங்க.

அன்புடன்,
அக்கா