பாதிச் சம்பளத்தில் மெடிக்ளைமை நிறுத்தலாமா?

கேள்வி (ஆகஸ்ட் 2020): திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஏப்ரலில் இருந்து பாதிச் சம்பளம். நான்கு வருடமாகக் கட்டிவரும் குடும்ப மெடிக்ளைமுக்கு அடுத்த மாதம் 18,000 ரூபாய் பிரீமியம் கட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு 'கொரோனா கவச்' பாலிசி மட்டும் எடுக்கலாமா? அப்பாவுக்கு சுகர், பிரஷர். காசை மிச்சம் பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை போடுகிறார். டென்ஷனில் என் சிகரெட்டும் நாளைக்கு ஐந்து ஆகிவிட்டது. பணத்துக்கு நகையை வைக்கவா, பி.எஃப். எடுக்கவா? பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து மாதம் 12,000, பி.எஃப். இருப்பு 1,10,000.

பதில்: முதலில் அப்பாவின் மாத்திரை. நாளையில் இருந்தே டாக்டர் சொன்ன அளவில் தினமும் போடச் சொல்லுங்கள். சுகர் கட்டுக்குள் இல்லாதவருக்கு கொரோனா வந்தால் ஐ.சி.யூ. வரை போகும் ஆபத்து அதிகம். அங்கே ஒரு நாள் பில்லே பல மாத மாத்திரைச் செலவை விழுங்கிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை இலவசமாகவே தருகிறார்கள். மக்கள் மருந்தகத்தில் சீட்டைக் காட்டினால், மெட்ஃபார்மின் போன்றவை பிராண்டு விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும்.

மெடிக்ளைமை விடவே கூடாது. 2020-ல் வந்த கொரோனா கவச் பாலிசி கொரோனாவுக்கு மட்டும்தான். அதிகபட்சம் ஒன்பதரை மாதம். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் அது உதவாது. பாலிசியைக் காலாவதியாக விட்டு, பிறகு புதிதாக எடுத்தால், சுகருக்கான காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்க்கு கிளைம் கிடைக்காத ஆரம்பக் காலம்) முதலில் இருந்து ஓடும். நான்கு வருடம் கட்டியது வீண். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை வசதி உண்டா என்று கேளுங்கள். இப்போது தவணையில் வாங்க நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது.

சிகரெட் ஒன்று 15 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,250, வருடம் 27,000. பிரீமியம் போக 9,000 மிஞ்சும். இந்த நெருக்கடியில் உங்கள் மன அழுத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், நுரையீரலைத் தாக்கும் நோய் ஊரெல்லாம் இருக்கும்போது இதைத்தான் முதலில் குறைக்கச் சொல்வேன்.

சரி, உடனடிப் பணத்துக்கு? நகைமதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டில் சொல்லியிருந்தது. பாதிச் சம்பளத்தில் அந்த வட்டியைச் சுமக்க வேண்டாம். பி.எஃப்.பில் கொரோனா முன்பணம் (கொரோனா காலத்தில் மட்டும் இருந்த வசதி) எடுங்கள். இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத பேசிக், டி.ஏ., எது குறைவோ அது; உங்களுக்கு 36,000. திருப்பிக் கட்ட வேண்டாம், வரியும் இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும்தான், ஆனால் அதற்கும் அப்பா நலமாக இருக்க வேண்டுமே. பிரீமியம் போக மீதி 18,000-ஐ ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் யு.ஏ.என்.னோடு (உங்கள் பி.எஃப். அடையாள எண்) ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கிளைம் திரும்பி வந்துவிடலாம்.