கேள்வி – பதில்: ஹோட்டலில் ஆள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: சைவ ஹோட்டல் நடத்துகிறோம். காலை 6 முதல் இரவு 10.30 வரை கடை. மாலை 3.30 முதல் 5.30 வரை எல்லோருக்கும் ஓய்வு. மொத்தம் 12 பேர். போன வருஷம் ஆளுக்கு 1,500 ரூபாய் ஏற்றினோம். அப்படியும் சப்ளையர் யாரும் மூன்று மாதம் தாண்டுவதில்லை. இன்னும் எவ்வளவுதான் ஏற்றுவது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சம்பளத்தை ஏற்றியது போதும், நேரத்தைக் குறையுங்கள். நீங்கள் எழுதியபடி ஒருவர் நாளைக்கு 14½ மணி நேரம் வேலையில் நிற்கிறார். வார லீவு பற்றி ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. ஏழு நாளும் வருகிறார் என்றால் வாரத்துக்கு 101½ மணி. சட்டம் அனுமதிப்பது 48. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டைச் சம்பளம். நடுவில் விடும் 2 மணி நேரத்தில் ரூமுக்குப் போய், துணி துவைத்து, குளித்துப் படுத்தால் கண் மூடும்போதே எழ வேண்டியிருக்கும். அதை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதலில் பில்லிங் மெஷினில் ஒரு வாரத்துக்கான பில்களை மணிவாரியாக எடுங்கள். பெரும்பாலான டிபன், சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் காலை 8–10, மதியம் 12.30–2.30, இரவு 7.30–9.30 என்றுதான் இருக்கும். அந்த 6 மணி நேரத்துக்கு 10 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மற்ற நேரத்தில் 5, 6 பேர் போதும். நீங்களோ 12 பேரையும் நாள் முழுக்க நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பாதி நேரம் சும்மா நின்றே களைத்துப் போகிறார்கள்.

மாற்றும் வழி இது. இன்னும் 2 பேரைச் சேர்த்து 14 ஆக்குங்கள். தினம் 2 பேருக்கு லீவு என்றால் வாரத்தில் 14 பேருக்கும் ஒரு நாள் கிடைத்துவிடும். மீதி 12 பேரில் 6 பேர் காலை 6 முதல் 2.30 வரை, 6 பேர் மதியம் 2 முதல் 10.30 வரை. சாப்பாட்டுக்கு அரை மணி கழித்தால் 8 மணி வேலை, வாரத்துக்கு 48. மதியக் கூட்டத்துக்கு மட்டும் இரண்டாம் ஷிப்டில் நாலு பேரை 12 மணிக்கே வரவழைத்து 8.30க்கு அனுப்புங்கள். காலை 7–11க்கு 4 பேர், இரவு 6.30–10.30க்கு 8 பேர் பகுதி நேரம். அக்கம்பக்கத்துப் பெண்கள், கல்லூரிப் பையன்கள் இந்த வேலைக்கு வருவார்கள். டேபிள் துடைப்பதும் தட்டு கழுவுவதும் இரண்டு நாளில் பழகிவிடும்.

இந்த ஏற்பாடு சறுக்குவது மாஸ்டரிடம்தான். சப்ளையருக்கு மாற்று ஆள் எளிது. தோசைக்கல்லுக்கு இன்னொருவர் இல்லாததால் தோசை மாஸ்டர் மட்டும் மாதக்கணக்கில் லீவில்லாமல் ஓடுவார், ஒரு நாள் சொல்லாமல் போய்விடுவார். அதனால் டீ மாஸ்டரையோ கிச்சன் உதவியாளரையோ கூட்டமில்லாத மாலை 3–6 மணியில் கல்லில் நிற்க வையுங்கள். ஒன்றரை மாதத்தில் வார லீவு நாளைச் சமாளிக்கும் அளவுக்குக் கை வந்துவிடும். பழகியதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். சும்மா பழகு என்றால் யாரும் பழகுவதில்லை.

இன்னொன்று: இரவு 10.30க்கு விட்டவரை மறுநாள் காலை 6க்கு வரச் சொல்லாதீர்கள். ஷிப்ட் மாற்றுவதென்றால் வார லீவுக்குப் பிறகு மாற்றுங்கள். லீவுப் பட்டியலை ஒரு வாரம் முன்னாடியே கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். 'கேட்டால் தருவோம்' என்கிற லீவை எவரும் லீவாக நம்புவதில்லை.

கேள்வி: எங்கள் கேப்டன் (சப்ளையர்களை மேற்பார்ப்பவர்) ஆறு வருஷமாக இருக்கிறார், தங்கமான மனிதர். இரண்டு மாதமாக கஸ்டமரிடம் எரிந்து விழுகிறார், ஆர்டரை மறக்கிறார். திமிரா, சோர்வா?
– வாசகர், வேலூர்

பதில்: திமிர் ஆறு வருஷம் காத்திருந்து வராது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற வகைப்பாட்டில் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலை மீதே வெறுப்பு, முன்பு செய்ததைச் செய்ய முடியாமை. அதை நோய் என்று சொல்லவில்லை, சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. நீங்கள் எழுதியதில் பின்னிரண்டும் தெரிகின்றன.

வருகைப் பதிவேட்டை மூன்று மாதத்துக்குப் புரட்டுங்கள். வராத சப்ளையரின் டேபிள்களை யார் பார்த்தார்? பெரும்பாலும் இவராகத்தான் இருக்கும். நல்ல ஆள் என்பதற்காகவே எல்லாச் சுமையும் அவர் தலையில் ஏறுகிறது. சம்பளத்தோடு பத்து நாள் லீவில் அனுப்புங்கள். திரும்பி வரும்போது அதே இடத்தில் அப்படியே நிறுத்தினால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். இரவு ஸ்டாக் எண்ணுவதையோ கல்லாக் குறைவுக்குப் பொறுப்பேற்பதையோ அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். பில் கட்டாமல் நழுவியவரின் தொகையைச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வாய் மிஞ்சும் வாடிக்கையாளரை நீங்களே நேரில் வந்து கையாளுங்கள். தூக்கமே வரவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கட்டாயம். உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு நீங்கள் கட்டுவது 487 ரூபாய் 50 காசு. தகுதி இருந்தால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் நோய் விடுப்புக்கு 70 சதவீதச் சம்பளம் வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும்.

கேள்வி: பீகார் பையன்கள் தீபாவளிக்குப் போனால் திரும்புவதில்லை. போகவிடாமல் செய்ய என்ன வழி?
– வாசகர், கோவை

பதில்: போகவிடுங்கள். அவர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது அதிலிருந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜை என்கிற சூரிய வழிபாடு. ரயிலிலேயே போக இரண்டு நாள், வர இரண்டு நாள் போய்விடும். ஏழு நாள் லீவு தந்தால் அது லீவே இல்லை. திரும்பாமல் இருந்துவிடுவதே அவர்களுக்குச் சௌகரியம். 18 முதல் 20 நாள் கொடுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. ஆகவே யார் எப்போது போவது என்பதை அதற்கும் ஒரு மாதம் முன்பே பேசி முடித்து, போக வர இரண்டு டிக்கெட்டையும் கடைச் செலவில் போடுங்கள். பாதிப் பேர் சத்துக்கு, மீதிப் பேர் ஹோலிக்கு. இந்த வருஷம் சத்துக்குப் போனவர் அடுத்த வருஷம் ஹோலிக்கு. இந்த வரிசை எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பரோட்டா மாஸ்டருக்கு 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதைக் காட்டி நிறுத்தி வைக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கூடாது. முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் குற்றம். ஆதார் அட்டையை வாங்கி வைப்பதும் அந்த வழிக்குத்தான் கொண்டுபோகும். இனி பெரிய முன்பணம் வேண்டாம். ஒரு மாதச் சம்பள அளவோடு நிறுத்தி, மாதம் இவ்வளவு பிடித்தம் என்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நிறுத்தி வைக்க வேறு வழி உண்டு: ஆறு மாதம் முடித்தால் இவ்வளவு, ஒரு வருஷத்துக்கு இவ்வளவு என்று பின்னால் தரும் தொகை. சொன்ன தேதியில் தந்துவிட வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் அடுத்த ஆள் நம்பமாட்டார்.

கேள்வி: ஸ்டாஃப் ரூமுக்கு எவ்வளவு செலவழிப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தொகையைவிட, ஆளுக்கு ஒரு கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். காலை ஷிப்டும் இரவு ஷிப்டும் ஒரே ரூமில் படுத்தால் யாரும் தூங்க முடியாது, இரண்டாகப் பிரியுங்கள். மூட்டைப்பூச்சிக்கு மருந்து, பூட்டு போட்ட அலமாரி, காலை 5 மணிக்குத் தண்ணீர். சாப்பாடு மிச்சத்தில் போடுவதாக இருக்கக் கூடாது: 11.15க்கு ஒரு பந்தி, 11.40க்கு இன்னொன்று, இரண்டும் சூடாக, உட்கார்ந்து.