உங்க யானை எப்படி வந்துச்சு, ஆத்தா?

கேள்வி: எனக்கு வயது 57. தேவகோட்டை. மகள் லண்டனில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் போயிருந்தேன். ஊருக்குக் கிளம்பும் முன்பு 'தி லயன் கிங்' இசை நாடகத்துக்குக் கூட்டிப்போனாள். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனாலும் முதல் பாட்டிலேயே கண் கலங்கிவிட்டது. யானை எங்கள் நாற்காலிக்குப் பக்கத்து வழியாகவே நடந்து போனது. ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு ஆள். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதால் யாருக்கும் காட்ட ஒன்றும் இல்லை.

போன மாதம் கோட்டையூரில் அண்ணனின் வயது நிறைவுச் சாந்தி விசேஷத்துக்கு எல்லோரும் கூடியிருந்தோம். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து இதைச் சொல்ல ஆரம்பித்தேன். டிக்கெட் விலையைச் சொன்னதுமே அண்ணமிண்டி (அண்ணன் மனைவி), "லண்டன் பெருமை ஆரம்பிச்சாச்சு" என்று எழுந்து போய்விட்டார்கள். 81 வயது ஆத்தா, "நாங்க பாக்காத நாடகமா?" என்றார்கள். சரி, நீங்க சொல்லுங்க என்று போனை நீட்டினால், "வள்ளி திருமணம் பாத்தேன், நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிட்டார்கள். பார்த்ததைச் சொல்ல ஆசைப்படுவது தப்பா? ஆத்தா பார்த்ததைச் சொல்ல வைப்பது எப்படி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பே இல்லை. திரும்பி வந்து இத்தனை நாள் கழித்தும் அதைச் சொல்ல மனசு கிடந்து தவிக்கிறது என்றால், அன்றைக்குப் பார்த்தது உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் ஆரம்பித்த இடம்தான் சரியில்லை.

உங்கள் கடிதத்தில் அந்த யானை வரியை நான் மூன்று தடவை படித்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்துபோன யானை, காலுக்கு ஒரு ஆள். இதை வளவில் சொன்னீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. டிக்கெட் விலையை முதலில் சொன்னீர்கள், யானை வந்து சேர்வதற்குள் ஆள் எழுந்து போய்விட்டார். விலையைக் கேட்டவுடனே கேட்கிறவர் மனசு ரூபாய்க் கணக்குப் போடக் கிளம்பிவிடும். அப்புறம் எந்தப் பாட்டைச் சொன்னாலும் காதில் ஏறாது.

உங்கள் அண்ணமிண்டி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது அவர்கள் வீட்டு விசேஷம், அவர்கள் கணவருக்குச் சாந்தி. வந்த சனத்துக்கு இலை போட்டு, பலகாரம் எடுத்து வைத்து, இரண்டாங்கட்டுக்கும் வளவுக்கும் நடையாய் நடந்தவர்கள் ஒரு நிமிஷம் உட்கார்ந்த நேரத்தில் காதில் விழுந்தது லண்டனும் விலையும். அவர்களிடம் தனியாக ஒருநாள் சொல்லுங்கள். அதற்கு முன்னால், சின்ன வயசில் அவர்கள் ஊரில் என்ன நாடகம் போடுவார்கள் என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் பிறந்த பெண் யாரும் பொட்டலில் பாய் விரித்து ஒரு நாடகமாவது பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டாள்.

இப்போது நீங்கள் பார்த்த நாடகத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஏன் கண் கலங்கியது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. 1994-ல் கார்ட்டூன் படமாக வந்த கதை அது. 1997-ல் நியூயார்க்கில் மேடையேறியது. லண்டன் லைசியம் தியேட்டரில் 1999-ல் தொடங்கியது. இயக்கியவர் ஜூலி டேமர் என்ற பெண்மணி. இசை நாடகம் இயக்கியதற்காக, அமெரிக்க நாடக விருதான டோனி விருது வாங்கிய முதல் பெண் அவர்தான், 1998-ல், இதே நாடகத்துக்காக. இளம் வயதில் இந்தோனேசியாவில் சில வருஷம் தங்கி, அங்குள்ள முகமூடி ஆட்டத்தையும் பாவைக்கூத்தையும் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர். அதனால்தான் சிங்கத்தின் முகம் நடிகரின் முகத்தை மூடவில்லை. முகமூடி தலைக்கு மேலே நிற்கிறது, கீழே மனுஷ முகம் பாடுகிறது. ஒட்டகச்சிவிங்கியாக வருகிறவர் கையிலும் காலிலும் கட்டை கட்டிக்கொண்டு நடக்கிறார். ஆளும் தெரிகிறான், மிருகமும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பார்க்கிறவர்கள் பொறுப்பு.

ஆங்கிலம் பாதிதான் புரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முதல் பாட்டு தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் தொடங்குகிறது. உங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்த இங்கிலீஷ்காரர்களில் பெரும்பாலோருக்கும் அந்த வார்த்தைகள் புரிந்திருக்காது. அந்த ஒரு பாட்டுக்கு நீங்களும் அவர்களும் ஒன்றுதான். கலங்கியதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

எங்கள் ஊர் யானையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாரியம்மன் கோயில் திருவிழா, பொட்டலில் கொட்டகை, வள்ளி திருமணம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து பபூனும் டான்ஸும் வந்து போவதற்குள் நான் தூங்கிவிட்டேன். நடுச்சாமம் தாண்டி ஆத்தா என் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்திரி, யானை வருது" என்றார்கள். கண்ணைத் திறந்தால் ட்யூப்லைட்டைச் சுற்றிப் பூச்சி மொய்க்கிறது. மேடைக்கு நடுவில் கயிற்றில் தொங்குகிற மைக்குக்குக் கீழே கிழவர் வேஷத்தில் முருகன் நிற்கிறார். படுதா ஓரத்திலிருந்து கறுப்புக் கம்பளி ஒன்று அசைந்து வந்தது. உள்ளே இரண்டு பேர் குனிந்து நடக்கிறார்கள். தும்பிக்கை, துணியைச் சுருட்டித் தைத்தது. மிருதங்கம் அதிர்கிறது, யாரோ சங்கு ஊதுகிறார்கள், வள்ளி அலறிக்கொண்டு ஓடிக் கிழவரைக் கட்டிக்கொள்கிறாள். அந்த யானையின் பின்னங்கால் ஒன்றில் பெருவிரலுக்கு வெள்ளைத் துணியில் கட்டுப் போட்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பயந்து ஆத்தாவின் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

உங்கள் லண்டன் யானையைப் படித்ததும் எனக்கு அந்தக் கட்டுப் போட்ட விரல்தான் ஞாபகம் வந்தது. உங்கள் ஆத்தாவுக்கும் இப்படி ஒரு யானை இருக்கும். வள்ளி திருமணம் பார்த்தவர்கள் யானையை மறக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஏன் "நல்லா இருந்துச்சு" என்று முடித்துக்கொண்டார்கள்? நீங்கள் அவர்களிடம் நாடகத்தைக் கேட்டீர்கள். வள்ளி கதை ஊருக்கே தெரியும், அதில் சொல்ல அவர்களுக்கு என்ன இருக்கிறது? வள்ளி திருமணம் மாதிரி ஸ்பெஷல் நாடகம் பார்க்கப் போகிறவர்கள் கதை தெரிந்துகொள்ளப் போவதில்லை. இந்த வருஷத்து நாரதர் எப்படி, போன வருஷத்து வள்ளியைவிட இந்த வள்ளி தர்க்கத்தில் கெட்டியா, ராஜபார்ட்டின் (கதாநாயக வேஷக்காரரின்) குரல் விடியும்வரை தாங்கியதா என்று பார்க்கப் போவார்கள். அதனால் குறிப்பாக ஒரு ராத்திரியைக் கேளுங்கள்.

ஸ்பெஷல் நாடகம் நடக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல ஆசையாக இருக்கிறது, உங்கள் மகளுக்கும் பேரனுக்கும் எடுத்துச் சொல்ல உதவும். லண்டனில் ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு அடியும் ஒத்திகை பார்த்து முடிவு செய்தது, ஒரு நடிகருக்கு உடம்பு சரியில்லை என்றால் அதே பாட்டை அதே இடத்தில் நின்று பாட இன்னொருவர் தயாராக இருப்பார். நம் ஊரில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியம் பின்பாட்டு வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடித்திருப்பார்கள். சாயங்காலம் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி, பவுடர் பூசும்போதுதான் பல பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. அப்படியே மேடையேறி விடியவிடியப் பாடி, பேசி, தர்க்கம் பண்ணி வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் செய்து வைப்பார்கள். இது முடிவதற்குக் காரணம், எல்லோர் மனசிலும் இருக்கிற ஒரே பாடம். அதை எழுதி வைத்துப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். 1918-ல் மதுரையில் பையன்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்று நாடகக் குழு தொடங்கினார். நூறு வருஷம் தாண்டியும் அவர் பாட்டுதான் பொட்டலில் கேட்கிறது. எனக்கு இது எந்த லண்டன் மேடைக்கும் குறைந்த அதிசயமாகத் தெரியவில்லை.

சரி, ஆத்தாவிடம் கேட்கிற விஷயம். போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். அது அவர்களுக்குப் பரீட்சை மாதிரி இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுப் பட்டாலையில் சாய்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் உங்கள் யானையைச் சொல்லுங்கள், விலையில்லாமல், லண்டன்கூட இல்லாமல். "ஆத்தா, நான் பார்த்த நாடகத்துல யானை என் பக்கத்துலயே நடந்து போச்சு. காலுக்கு ஒரு ஆளு உள்ள நின்னு நடந்தாங்க. உங்க யானை எப்படி வந்துச்சு?" இவ்வளவு போதும். அப்புறம் பேசாமல் இருங்கள்.

ஆத்தா பேச ஆரம்பித்துவிட்டால் அந்த ராத்திரியின் ஓரங்களைக் கேளுங்கள். பாயை யார் தூக்கிக்கொண்டு வந்தது, பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், பபூன் பேச்சு ஒரு மாதிரி போனால் பெரியவர்கள் என்ன செய்தார்கள், விடியற்காலம் வீட்டுக்கு வந்ததும் யார் வைதார்கள். பாட்டு வந்தால் அவர்களைப் பாட விடுங்கள். வரி மாறினாலும் திருத்தாதீர்கள். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தர் வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஒருவர் விட்ட அடியை இன்னொருவர் எடுப்பார். அந்த நேரத்தில் போன் ஓரமாகக் கிடந்து பதிவு செய்யட்டும், முதலிலேயே ஆத்தாவிடம் சொல்லிவிட்டு.

இதை நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 27. கிராமபோன் தட்டில் சில பாட்டு மிஞ்சியது. மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை அந்தக் குரல் போனது என்பது கேட்டவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். எங்கள் ஐயா அப்படிக் கேட்டவர். கே.பி.சுந்தராம்பாளோடு கிட்டப்பா பாடியதைச் சொல்லும்போது ஐயா பேச்சை நிறுத்திவிட்டு ஒரு கையைக் காதோரம் கொண்டுபோவார். எந்த ஊரில், எந்த நாடகத்தில் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஐயா போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் கை மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

நம் காரைக்குடியிலேயே ஒரு உதாரணம் உண்டு. ஏ.வி.மெய்யப்பன் இங்கே ஸ்டூடியோ போட்டு எடுத்த 'நாம் இருவர்', 1947-ல் வந்தது. அது அதற்கு முன்பு மேடையில் நடந்த நாடகம். படத்தை இன்றைக்கும் பார்க்கலாம். மேடையில் அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவரைத்தான் கேட்க வேண்டும். அவர்களில் இப்போது எத்தனை பேர் இருப்பார்கள்?

இன்னொன்றும் செய்யலாம். மாசி, பங்குனியில் நம் பக்கத்துக் கோயில்களில் நாடகம் வைப்பார்கள். எங்கே வள்ளி திருமணம் என்று நோட்டீஸைப் பார்த்து ஆத்தாவைக் கூட்டிப்போங்கள். 81 வயதில் விடியவிடிய உட்கார வேண்டாம். பகலில் நன்றாகத் தூங்கச் சொல்லி, பபூன் காமிக் முடிந்து கதை தொடங்குகிற நேரத்துக்குப் போனால் போதும். யானை வந்ததும் கிளம்பிவிடலாம். அண்ணமிண்டியையும் கூப்பிடுங்கள், அன்றைக்கு அவர்களுக்கு அடுப்படி வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஒரே நாடகத்தைப் பார்த்துவிட்டுக் காரில் திரும்பும்போது, லண்டனில் கண் கலங்கியதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆத்தாவுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்று வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். பின்பனி இறங்கும், தலைக்கும் காலுக்கும் போர்வை வேண்டும். ஆர்மோனியக்காரர் உட்காரும் பக்கமாக இடம் பிடியுங்கள், ஸ்பீக்கருக்கு நேராக வேண்டாம். யானை எந்தப் படுதாவிலிருந்து வரும் என்று ஆத்தாவையே கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.