கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையேற்றப் பாதையில் பழைய போல்ட்டுகள் துருப்பிடித்துவிட்டன. மாற்றாக எதைப் போடலாம்?

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைப் பக்கத்துக் கெட்டியான கருங்கல்லுக்கு 12 மி.மீ. விட்டமுள்ள, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு எக்ஸ்பான்ஷன் போல்ட் (முறுக்கும்போது துளைக்குள் விரிந்து கவ்வுவது) போதும், பசை தேவையில்லை. கட்டட வேலைக்கு விற்பது வேண்டாம், இஎன் 959 (பாறையேற்ற போல்ட்டுக்கான ஐரோப்பியத் தரம்) முத்திரை பார்த்து வாங்குங்கள். ஹேங்கரும் (போல்ட்டில் மாட்டும், கொக்கி கோக்கும் தகடு) நட்டும் அதே 316 ஆக இருக்கட்டும். ஜிங்க் பூச்சு ஹேங்கரைக் கலந்து மாட்டினால், மழை ஈரத்தில் அதுதான் முதலில் அரித்துப்போகும்.

துளைக்கு முன் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல பாறை. தொப்பென்றால் உள்ளே பொருக்கு, இடம் மாற்றுங்கள். பழைய துளையிலிருந்து 20 செ.மீ. தள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது தூசியில்தான்: பிரஷ், ஊதல், மறுபடி பிரஷ். தூசி தங்கினால் கவ்வு பிடிக்காது, நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றும். முறுக்கு அளவு தயாரிப்பாளர் தாளில் இருக்கும். டார்க் ஸ்பேனர் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கைக்கணக்கில் முறுக்காதீர்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள கோட்டைப் பாறை என்றால், அனுமதியில்லாமல் ட்ரில்லையே எடுக்காதீர்கள்.