வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு நான் எங்கே இருப்பது?

கேள்வி: எனக்கு 68 வயது, கணவர் இல்லை, பென்சனில் சீவியம் போகிறது. மூத்த மகள்மார் இருவருக்கும் கலியாணத்தோடு வீடு கொடுத்தாயிற்று. இப்போது இருக்கும் வீடு கடைசி மகளுக்கு. மேல்மாடி கட்ட வங்கிக் கடன் எடுக்க வேண்டும், உறுதியை மகளின் பெயருக்கு மாற்றுங்கள் என்கிறார் மருமகன். மூத்தவளோ, “எழுதாதீங்க அம்மா, பிறகு முதியோர் இல்லம்தான்” என்கிறாள்.
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: எழுதலாம் அம்மா, ஆனால் வெறும் நன்கொடை உறுதியாக எழுத வேண்டாம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்வளவில் ஒரு குசினியும் அறையும் போட்டு ஒதுங்குவது நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வழக்கம்தான், பல வீடுகளில் அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் அந்தப் பின்வளவு அறை எந்த உறுதியிலும் இருப்பதில்லை, சண்டை வந்தால் வாய்ப்பேச்சை யார் கேட்பது? (யாழ்ப்பாணத்துத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் நமக்குப் பொருந்தாது, அதை வைத்து யாரும் ஆலோசனை சொன்னால் விட்டுவிடுங்கள்.)

நொத்தாரிசிடம் உங்கள் சீவிய உரித்தை வைத்து எழுதச் சொல்லுங்கள். வீடு மகளுக்குச் சொந்தம், உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கிற உரிமை உங்களுக்கு. மருமகன் முகம் சுளிப்பார், ஏனென்றால் ஈடு வைக்கும்போது உங்களையும் கையெழுத்து வைக்கச் சொல்லி வங்கி கேட்கக்கூடும். அந்தக் கையெழுத்தில்தான் கவனம் வேண்டும்: கடன் கட்டாமல் விட்டால் நீங்கள் காத்து வைத்த உரித்தும் சேர்ந்தே போகலாம். கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்று தெரியாமல் பேனையைத் தொடாதீர்கள்.

எழுதிக் கொடுத்த பின் பிள்ளை பாரதூரமான நன்றிகேடாக நடந்தால், மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியையும் ரத்துச் செய்யக் கேட்டு மாவட்ட நீதிமன்றம் போக 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிவிடுகிறது. காலக்கெடு உண்டு, வழக்கென்றால் அலைச்சலும் உண்டு. பராமரிப்புச் செலவு பிள்ளைகளிடம் கேட்பதற்கு 2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

முதியோர் இல்லத்தைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். அப்புறம், மேல்மாடிக்கு மேசன் வரும்போதே உங்கள் கீழறையோடு ஒட்டி ஒரு குளியலறையும் கட்டச் சொல்லுங்கள். குந்துகிற கக்கூஸ் வேண்டாம், கொமட் வையுங்கள், பக்கச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி. மாரி மழையில் இரவு டோர்ச்சோடு பின்வளவுக்குப் போய் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.