வாசகர் கேள்வி – பதில்: நாடு வளர்கிறது, சம்பளம்?

கேள்வி: மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக ஓப்பரேட்டராக இருக்கிறேன். 2024-இல் மலேசியப் பொருளாதாரம் 5.1 விழுக்காடு வளர்ந்ததாகப் படித்தேன். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கும் எனக்கும் சம்பளத்தில் சிறிதே வேறுபாடு. உற்பத்தித்திறன் உயர்ந்தால்தான் சம்பளம் உயரும் என்கிறார்கள். இதற்கு மேல் எவ்வளவு வேகமாக வேலை செய்வது? (வாசகி, பிறை)

பதில்: உங்கள் கைவேகத்தில் குறையேதும் இல்லை, அம்மா. ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் உருவாக்கும் மதிப்பே உற்பத்தித்திறன். அதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை அவர் முன் நிற்கும் இயந்திரமும், அவருக்குத் தரப்பட்ட பயிற்சியும், வேலை பிரித்துக் கொடுக்கப்படும் முறையும்தாம். பினாங்கு முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972-இல், பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியபோது, இளம்பெண்கள் வரிசையாக அமர்ந்து நுண்ணோக்கியில் கண் வைத்துக் கம்பி இணைத்தார்கள். இன்று அதே வட்டாரத்தில் சில்லு வடிவமைப்பும் நடக்கிறது. இந்த மாற்றம் யாரும் கையை வேகமாக ஓட்டியதால் வந்ததன்று. குறைந்த கூலிக்கு அந்நியத் தொழிலாளர்கள் தொடர்ந்து கிடைக்கும் இடங்களில் முதலாளிகள் புதிய இயந்திரத்துக்கும் பயிற்சிக்கும் செலவிட அவசரப்படுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதோடு, உற்பத்தித்திறன் உயர்ந்தால் சம்பளம் தானாக உயர்ந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. மலேசியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் தொழிலாளர்களுக்கு ஊதியமாகச் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. இதை 45 விழுக்காடாக உயர்த்துவதே 2023-இல் அரசு அறிவித்த மடானி பொருளாதாரத் திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. விளைந்ததைப் பங்கிடும்போது பேசுவதற்குத் தொழிலாளர் தரப்பிலும் ஆள் வேண்டும். மின்னணுத் துறையிலோ தேசிய அளவிலான சங்கம் அமைக்க நெடுங்காலம் அனுமதியே இல்லை. குறைந்தபட்ச சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டை எட்டியது. அடிப்படி உயர்ந்தது நல்லதே. ஆனால் அதற்கு மேலுள்ள படிகள் உயரவில்லை என்பதால்தான் உங்கள் பதினோரு ஆண்டு அனுபவத்துக்கு மதிப்பில்லாததுபோல் தோன்றுகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் தொழிற்சாலைகள், மாதந்தோறும் அவர்களுடைய ஊதியத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் செலுத்துகின்றன. அந்தப் பணம் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதிகாரிகளின் கருத்தரங்குகளுக்கு மட்டுமானதன்று. டெக்னீஷியன் பயிற்சிக்கு அனுப்பும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுத்து மூலமாகவே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நாட்டில் வறுமை ஒரு விழுக்காடுகூட இல்லை என்றார்கள். பிறகு எப்படிக் கூடியது? (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: மாறியது அளவுகோல். பழைய வறுமைக்கோட்டின்படி மாதம் 980 ரிங்கிட்டுக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பமே ஏழை. அதன்படி 2016-இல் வறுமை 0.4 விழுக்காடு. 2020-இல் கோடு 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டதும், அதே 2016-இன் கணக்கு 7.6 விழுக்காடாயிற்று. அடுக்குமாடி வீட்டு வாடகை கட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் யாருக்கும் இந்தத் திருத்தம் வியப்பளித்திருக்காது.

கேள்வி: மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டான். உடனே ஓப்பரேட்டர் வேலைக்குப் போகட்டுமா? (தந்தை, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: வீட்டுச் சூழல் இடம் தந்தால் வேண்டாம், ஐயா. மலேசியத் திறன் சான்றிதழின் மூன்று நிலைகளை முடித்தால் டிப்ளோமா, மேல்நிலை டிப்ளோமா வரை அவன் போகலாம். 1989-இல் தொடங்கப்பட்ட பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாஸில்தான் இருக்கிறது. தொழிற்சாலைகளும் சேர்ந்து உருவாக்கிய மையம் அது. முதலில் அவனை அழைத்துச் சென்று பயிற்சிக்கூடத்தைக் காட்டுங்கள். கட்டணத்தையும் கடனுதவியையும் அங்கேயே விசாரியுங்கள்.