இருட்டில் எழ மறுக்கும் மகள்

இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து எட்டு வயது மகள் காலையில் எழ அடம்பிடிக்கிறாள், பள்ளிக்குத் தாமதமாகிறது என்று கேட்டிருந்தீர்கள். சோம்பல் என்று திட்டாதீர்கள். தூக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பு, வெளிச்சம் கண்ணில் பட்டால் அடங்கும். இப்போது விடிவதே தாமதம் என்பதால், அவள் உடம்புக்கு அது இன்னும் ராத்திரிதான். எழுப்புவதற்குக் கொஞ்சம் முன்பே அறை விளக்கைப் போட்டுவிடுங்கள், உடனே கூப்பிட வேண்டாம்.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. கோடை விடுமுறையில் தாமதமாகப் படுத்த பழக்கம் ஒரே நாளில் மாறாது. சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். சனி, ஞாயிறும் அதே நேரம்தான் (இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுகிறோம்). அப்புறம், குறட்டை விட்டாலோ, நன்றாகத் தூங்கியும் பகலில் சொக்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.